தோசைக்கல்லும் முதலாளி விசாவும்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை, கடைக்கு வார விடுமுறையான நாளில், தோசைக்கடை மாஸ்டர் என்னை அழைத்திருந்தார். டோக்கியோவின் நிஷி கசாயில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது அவருடைய கடை. ஷட்டர் பாதி இறக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு விளக்கு. மேஜையின் மேல் கம்பெனி முத்திரைப் பெட்டி, மூன்று ஆண்டுகளின் கணக்கறிக்கை, ரப்பர் பேண்டு சுற்றிய பழைய சீட்டு நோட்டு ஆகியவற்றை வரிசையாக வைத்திருந்தார். காப்பி கொடுத்துவிட்டு, எந்த முன்னுரையும் இல்லாமல், "தம்பி, நீங்க முதலாளியா இருந்துக்கங்க. நான் சம்பளத்துக்குக் கல்லுல நிக்கிறேன்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இந்தக் கட்டுரையை நான் எழுதத் தொடங்கியது அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டதால்தான் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டில் தொழில் தொடங்கினால் அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். துபாயில் லைசென்ஸ் எடுத்தவர், போலந்தில் கம்பெனி பதிந்தவர், ஜப்பானில் கடை போட்டவர் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை இருக்கும். நான் அருகிலிருந்து முழுதாகப் பார்த்தது இந்த ஒரு கதையைத்தான். 2022-ஆம் ஆண்டு மாஸ்டர் கம்பெனி பதிந்தபோது, ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியால், தொடக்கம் முதல் இறுதி வரை கூடவே அலைந்தேன். (விண்ணப்ப ஆவணங்களைக் கூலிக்குத் தயாரித்துக் கொடுப்பது உரிமம் பெற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை; என் பங்கு வாய்மொழி பெயர்ப்பும் பை தூக்குவதும்தான். கூலி தோசையாகக் கிடைத்தது என்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்று தெரியவில்லை.)

மாஸ்டர் 2011-இல் இங்கே வந்தார். காரைக்குடியில் தொடங்கிச் சென்னையில் முடிந்த பன்னிரண்டு ஆண்டு அடுப்படி வாழ்க்கைக்குப் பிறகு, 'கினோ' என்று எல்லோரும் சொல்லும் திறன்தொழிலாளர் விசாவில் வந்தார். வெளிநாட்டு உணவு சமைப்பவருக்கு அந்த விசா கிடைக்கப் பத்தாண்டு அனுபவச் சான்று வேண்டும். பழைய கடைகளுக்குத் தொலைபேசி செய்து சரிபார்ப்பதும் உண்டு. ஆக, இந்த நாடு அவரை உள்ளே விட்டதே அவர் கை தேர்ந்த சமையல்காரர் என்பதற்காகத்தான். பதினொரு ஆண்டுகள் அடுத்தவர் கடைகளில் நின்றார். பெரும்பாலும் ஓராண்டு விசாவாகவே புதுப்பித்துக் கிடைத்ததால் நிரந்தரக் குடியுரிமம் கேட்கவும் வழியில்லை. அதற்கு அப்போது மூன்றாண்டு விசாவாவது கையில் இருக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, முதலில் வேலை பார்த்த கடையின் உரிமையாளர் இவரைச் சமூகக் காப்பீட்டில் சேர்க்கவே இல்லை. ஓய்வூதியக் கட்டணத்தில் விழுந்த அந்த ஓட்டையை அடைக்கப் பிறகு பல ஆண்டுகள் ஆயின.

நானோ கணினி வேலைக்கு வந்தவன். படிப்பு, சம்பளம், வயது, மொழித் தேர்வு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, எண்பதை எட்டினால் ஓராண்டிலேயே நிரந்தரக் குடியுரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்ற வசதி 2017-இல் வந்தது. அதில் ஏறி, 2020-இல் அந்த அட்டையை வாங்கிவிட்டேன். அதன் பொருள் என்னவென்று அப்போது எனக்கு முழுதாக உறைக்கவில்லை. நாளைக் காலை நான் ஒரு சலூன் திறக்கலாம், மளிகைக் கடை போடலாம், ஒரு யென் மூலதனத்தில் கம்பெனி பதியலாம். எவரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

ஐம்பது லட்சம் யென்னின் பூர்வீகம்

'கேயேய் கன்ரி' என்னும் தொழில் மேலாண்மை விசாவுக்கு அப்போது இருந்த நிபந்தனைகள் கேட்பதற்கு எளிமையானவை. ஐம்பது லட்சம் யென் மூலதனம், அல்லது இரண்டு முழுநேர ஊழியர்கள். வீட்டிலிருந்து பிரிந்த, தொழிலுக்கென்றே வாடகைக்கு எடுத்த இடம். நடக்கக்கூடிய தொழில் என்று நம்பவைக்கும் திட்ட அறிக்கை. அன்றைய மாற்று விலையில் ஐம்பது லட்சம் யென் என்பது ஏறத்தாழ முப்பது லட்சம் ரூபாய். மாஸ்டரிடம் அது இருந்தது. ஆனால் இருப்பது ஒன்று, எப்படி வந்தது என்று காட்டுவது மற்றொன்று. பிறரிடம் ஒரு வாரத்துக்குக் கைமாற்று வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்கு இங்கே 'மிசேகனே' என்று ஒரு பெயரே இருக்கிறது: காட்டும் பணம். அந்தச் சந்தேகம் எல்லா விண்ணப்பதாரர்கள் மீதும் நிழலாக விழும்.

மாஸ்டரின் பணம் மூன்று வழியாக வந்தது. ஒரு பகுதி வங்கிச் சேமிப்பு. அதற்குப் பாஸ்புக் இருக்கிறது. ஒரு பகுதி ஊரில் விற்ற வீட்டுமனை. வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் வாங்குபவரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்குக்குப் போய், ஆடிட்டர் கையெழுத்திட்ட 15சிபி, நாம் நிரப்பும் 15சிஏ என்ற படிவங்களோடு வெளியே வர வேண்டியிருந்தது. அலைச்சல் என்றாலும் ஒவ்வொரு அடிக்கும் காகிதம் உண்டு. மூன்றாவது பகுதிதான் சிக்கல். டோக்கியோவில் சமையல்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்திய ஏலச்சீட்டை மாஸ்டர் எடுத்திருந்தார். அதற்கு இருந்த ஒரே ஆதாரம், மாதம் பிறந்தால் யார் எவ்வளவு தள்ளி எடுத்தார்கள் என்று தமிழில் எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டு.

எங்கள் ஆவணங்களைத் தயாரித்தவர் கியோசெய் ஷோஷி என்ற உரிமம் பெற்ற ஓர் அம்மையார். அறுபது வயது இருக்கும். அந்த நோட்டை அவருக்கு விளக்க எனக்கு ஒரு மதியம் முழுதும் பிடித்தது. கூட்டாகப் பணம் போட்டு முறை வைத்து எடுக்கும் பழக்கம் ஜப்பானிலும் முற்காலத்தில் இருந்தது என்று சொல்லிவிட்டு, நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மொழிபெயர்த்து, பன்னிரண்டு பேரின் கையெழுத்தையும் வாங்கி இணைக்கச் சொன்னார். பன்னிரண்டு பேரும் வெவ்வேறு கடைகளில், வெவ்வேறு விடுமுறை நாள்களில் இருந்தார்கள். மூன்று வாரம் ரயிலில் அலைந்தேன். ஒருவருடைய கடையின் பின்வாசலில், வெங்காய மூட்டையின் மேல் வைத்துக் கையெழுத்து வாங்கியது நினைவிருக்கிறது.

பிறகு வந்தவற்றை வேகமாகவே சொல்லிவிடலாம். கம்பெனி பிறப்பதற்கு முன்பே மூலதனத்தை மாஸ்டரின் சொந்தக் கணக்கில் போட்டு, பாஸ்புக்கை நகலெடுத்தோம். கம்பெனியின் விதிமுறை ஆவணத்துக்குப் பொதுச் சான்றாளரிடம் சான்று பெற ஐம்பதாயிரம் யென், பதிவு வரி ஒன்றரை லட்சம் யென். ஏற்கனவே உணவகம் நடந்து மூடிய இடத்தை அடுப்பு, தொட்டி, நாற்காலிகளோடு எடுப்பதற்கு இங்கே 'இனுகி' என்பார்கள். அப்படி ஓர் இடம் கிடைத்தது. முன்பணம் எட்டு மாத வாடகை. சுகாதார மையத்திலிருந்து வந்தவர், கை கழுவும் குழாயைக் கையால் திருகக்கூடிய வகையில் வைத்திருக்கக் கூடாது என்று 2021-இல் வந்த விதியைக் காட்டி மாற்றச் சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து வந்த கிரைண்டர் 230 வோல்ட் கேட்டது, சுவர் 100 வோல்ட் கொடுத்தது. இடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வந்து உட்கார்ந்தது. உரிமம் வாங்கி, பலகை மாட்டி, எல்லாம் ஆயத்தமான பிறகு கடையைத் திறக்க முடியாது. விசா மாறும் வரை அவர் இன்னொருவர் கடையின் சமையல்காரர்தான். நான்கு மாதம் பூட்டிய கடைக்கு வாடகை கட்டினார். விடுமுறை நாள்களில் வந்து, ஷட்டரைப் பாதி தூக்கி, தரையைத் துடைத்துவிட்டுப் போவார்.

"அப்படியானால் யார் சமைப்பார்கள்?"

இவ்வளவுக்கும் நடுவே ஒரு நாள் நடந்ததைத்தான் நான் மூன்று ஆண்டுகளாக மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். திட்ட அறிக்கையில் பணியாளர் பட்டியல் எழுதும் கட்டம். எத்தனை இருக்கை, மதியம் எத்தனை சுற்று, மாலை எத்தனை, ஒரு தோசைக்கு எவ்வளவு உளுந்து என்று அம்மையார் ஒவ்வொன்றாகக் கேட்க, மாஸ்டர் மனக்கணக்காகவே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு கிலோ உளுந்துக்கு எத்தனை கிலோ அரிசி, கோடையில் மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்கும், ஜனவரிக் குளிரில் பாத்திரத்தை எங்கே வைத்தால் புளிக்கும் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, நான் மொழிபெயர்க்கத் திணறினேன். அம்மையார் உற்சாகமாகவே குறித்துக்கொண்டார். பிறகு பட்டியலின் முதல் கட்டத்தைத் தொட்டு, "சமையலறையில் யார்?" என்றார். மாஸ்டர் தன் நெஞ்சைத் தொட்டார். அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார்.

அவர் சொன்னதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். இது மேலாளருக்கான விசா. நீங்கள் நாள் முழுதும் அடுப்பில் நின்றால், செய்வது சமையல்காரரின் வேலை. மேலாளரின் வேலை அன்று. ஆள் குறைந்த நேரத்தில் கை கொடுப்பதை எவரும் குற்றமாகச் சொல்லப்போவதில்லை. ஆனால் முதன்மையான பணி கடையை நடத்துவதாக இருக்க வேண்டும்: கொள்முதல், கணக்கு, ஆள் அமர்த்துதல், முடிவு எடுத்தல். சமையலறையில் வேறு ஒருவர் இருப்பதைக் காட்டினால்தான் விண்ணப்பம் நிற்கும். "அப்படியானால் யார் சமைப்பார்கள்?" என்று அவர் மறுபடியும் கேட்டார்.

மாஸ்டர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நான் கல்லுல நிக்கிறதுக்குத்தானே கடையே போடுறேன்?" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்திருந்தால் அம்மையாருக்குப் புரிந்திருக்கும். ஆனால் அவரால் எதையும் மாற்றியிருக்க முடியாது.

இறுதியில் மாஸ்டர் தன்னோடு பழைய கடையில் வேலை பார்த்த ஒருவரை அமர்த்திக்கொண்டார். அவரும் கினோ விசாக்காரர், பத்தாண்டுச் சான்று உள்ளவர், நல்ல மனிதர், பிரியாணிக் கை. தோசை அவருக்கு வராது. கல் எப்போது காய்ந்திருக்கிறது என்று தண்ணீர் தெளித்த ஒலியிலிருந்து அறியும் காது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கடை திறந்த முதல் ஆண்டில் நான் பார்த்த காட்சி இது: கல்லில் அவர் நிற்பார், எட்டடி தள்ளிக் கல்லாவில் மாஸ்டர் உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மாவு ஊற்றும் ஓசை கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பார். "கல்லு சூடு பத்தல" என்று அங்கிருந்தே சொல்வார். கூட்டம் முட்டும் மதியங்களில் எழுந்து போவார். அந்த இருபது நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்கு இந்த விதியின் மீது முதலில் ஏற்பட்டது கோபம்தான். கைத்தொழிலும் உடைமையும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் நம் ஊரில் கடை என்பதன் இலக்கணம். பரோட்டாக் கடைக்காரர் பரோட்டா வீசுவார், தையல் கடைக்காரர் மெஷினில் உட்கார்ந்திருப்பார். ஜப்பானிலும் அப்படித்தான்; பத்து இருக்கை உள்ள ராமென் கடையில் நூடுல்ஸ் வடிப்பவர்தான் உரிமையாளர். ஜப்பானியர் செய்தால் அது கைவினைஞரின் பெருமை, இவர் செய்தால் விசா மீறல் என்றால் என்ன நியாயம் என்று பல பேரிடம் வாதாடியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோபம் நெடுநாள் தெளிவாக இருக்கவில்லை. முதலாளி என்ற பெயரில் ஆளைக் கொண்டுவந்து, அடுப்படியில் கூலி இல்லாமல் பதினான்கு மணி நேரம் நிறுத்தி வைத்த கதைகளை நானே கேட்டிருக்கிறேன். தன் கம்பெனியின் இயக்குநர் என்பதால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவரைக் காப்பாற்றாது. அந்தப் பொறிக்கு எதிராகத்தான் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்றால், கேட்பது சரிதான் என்றும் தோன்றும். இரண்டு எண்ணங்களுக்கும் இடையில் நான் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடை திறந்த பிறகு வேறொன்று புரிந்தது. தொழிலின் ஒவ்வொரு முடிவையும் இரண்டு பேரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது: ஒருவர் வாடிக்கையாளர், மற்றவர் விசா. இயக்குநரின் சம்பளத்தை நிதியாண்டின் தொடக்கத்தில் நிர்ணயித்து, ஆண்டு முழுதும் மாதந்தோறும் அதே தொகையை எடுத்தால்தான் வரிக்கணக்கில் செலவாக ஏற்பார்கள். கூடுதலாக வைத்தால் கம்பெனி நட்டம் காட்டும்; நட்டம் சேர்ந்து கடன் சொத்தை மிஞ்சினால் புதுப்பிக்கும்போது மீட்சித் திட்டமும் வல்லுநரின் மதிப்பீடும் கேட்பார்கள். குறைவாக வைத்தால், இந்த வருமானத்தில் இவர் எப்படி வாழ்கிறார் என்று கேட்பார்கள். கூட்டம் குறைந்த பிப்ரவரியில் இரண்டு வாரம் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய் வரலாம் என்று எந்தக் கடைக்காரரும் நினைப்பார். மாஸ்டர் நினைக்கவில்லை, விற்பனைக் கோட்டில் விழும் பள்ளத்தைப் பற்றித்தான் நினைத்தார். மாலையில் வரும் கூட்டத்துக்காகப் பட்டர் சிக்கனும் சீஸ் நானும் பட்டியலில் ஏறின. அது வியாபாரம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருநாள், "இது நான் போட்ட கடை மாதிரியே இல்ல தம்பி, விசா போட்ட கடை மாதிரி இருக்கு" என்றார்.

அக்டோபர் 16

2025 ஆகஸ்டு இறுதியில் புதிய விதிகளின் வரைவு வெளியானது. அக்டோபர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. மூலதனம் ஐம்பது லட்சம் யென்னிலிருந்து மூன்று கோடி யென்னாக, ஆறு மடங்காக உயர்ந்தது. அன்றைய மதிப்பில் ஒன்றே முக்கால் கோடி ரூபாய்க்குச் சற்று முன்பின். முன்பு மூலதனம் அல்லது ஊழியர் என்று இருந்தது, இப்போது மூலதனமும் வேண்டும், ஒரு முழுநேர ஊழியரும் வேண்டும். அந்த ஊழியர் ஜப்பானியராகவோ நிரந்தரக் குடியுரிமம் போன்ற நிலையான தகுதி உடையவராகவோ இருக்க வேண்டும். அடுப்பில் நிற்கும் கினோ விசாக்காரர் கணக்கில் வரமாட்டார். விண்ணப்பதாரரோ முழுநேர ஊழியர் ஒருவரோ, யாராவது ஒருவருக்கு ஜப்பானிய மொழித் தேர்வில் மேலிருந்து இரண்டாம் நிலையான என்2-க்கு இணையான மொழித் திறன் வேண்டும். முதலாளிக்கு மூன்றாண்டு மேலாண்மை அனுபவம் அல்லது முதுகலைப் பட்டம். திட்ட அறிக்கையைக் கணக்காயர் அல்லது சிறுதொழில் ஆலோசகர் போன்ற ஒருவர் சரிபார்த்திருக்க வேண்டும்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐம்பது லட்சம் யென்னில் ஒரு கம்பெனியைப் பதிந்து, பெயருக்கு ஓர் அறையைக் காட்டி, குடும்பத்தோடு வந்து தங்கிக்கொள்ளலாம் என்று வெளிநாடுகளில் முகவர்கள் விற்கத் தொடங்கியிருந்தார்கள். இந்த விசாவில் இருப்போர் 2024 இறுதியில் நாற்பத்தோராயிரத்துக்கும் மேல். அவர்களில் மூன்று கோடி மூலதனம் உள்ளவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை. அதாவது, காகிதக் கம்பெனிகளைப் பிடிக்க வீசிய வலையில் குழம்புக் கடைகளும் காய்கறிக் கடைகளும் பழைய கார் ஏற்றுமதி செய்பவர்களும் சேர்ந்தே கிடக்கிறார்கள். பணம் உள்ள போலிக்கு மூன்று கோடியும் பெரிய தடையன்று. ஐம்பது லட்சத்தை ஏலச்சீட்டு எடுத்துச் சேர்த்த உண்மையான கடைக்காரருக்குத்தான் அது மலை. புதுமையான தொழில்களுக்கென்று தனி ஸ்டார்ட்அப் விசா இருக்கிறதே என்று அலுவலக நண்பர் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். தோசையில் என்ன புதுமை என்று எழுதுவது? நான்கு தலைமுறையாக மாற்றாமல் இருப்பதுதானே அதன் தகுதி.

ஏற்கனவே இருப்பவர்களுக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு: 2028 அக்டோபர் 16 வரை. அதன் பிறகும், கடை நன்றாக நடந்து, வரியெல்லாம் ஒழுங்காகக் கட்டி, அடுத்த புதுப்பிப்புக்குள் தகுதி பெறும் வாய்ப்புத் தெரிந்தால் மொத்தமாகப் பார்த்து முடிவெடுப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாஸ்டர் நவம்பரில் புதுப்பித்தார். வழக்கம்போல் ஓராண்டு கிடைத்தது. அன்றிரவு நானும் அவரும் கணக்குப் போட்டோம். இன்னும் இரண்டரைக் கோடி யென் வேண்டும். கம்பெனி பெயரில் வாங்கும் வங்கிக் கடன் மூலதனம் ஆகாது. மூலதனத்தை உயர்த்திப் பதிய ஆயிரத்துக்கு ஏழு வீதம் வரி, ஒன்றே முக்கால் லட்சம் யென். மூலதனம் ஒரு கோடியைத் தாண்டினால், நட்டமே வந்தாலும் கட்ட வேண்டிய உள்ளூர்த் தலைவரி டோக்கியோ வார்டுகளில் எழுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் யென்னாகும். முழுநேர ஊழியருக்கு டோக்கியோவின் அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென் என்று வைத்தாலும், காப்பீட்டுப் பங்கோடு மாதம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்குக் குறையாது. மொழித் தகுதிக்கு இன்னொரு வழி, ஜப்பானில் இருபதாண்டு வாழ்ந்திருப்பது. மாஸ்டருக்கு அது 2031-இல் நிறையும், மூன்றாண்டு பிந்திப்போகிறது. அவர் பேசும் ஜப்பானிய மொழியைக் கேட்டால் மீன் சந்தைக்காரர்களே மயங்குவார்கள். ஆனால் எழுத்தில் அவருக்குத் தெரிந்த 'கான்ஜி' என்னும் சீன வழி எழுத்துகள் நூறைத் தாண்டாது.

கணக்கு முடிந்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டு, இருபத்தாறு இருக்கை கடையில் மூன்று கோடியை எங்கே செலவழிப்பது என்று கேட்டார். அதை அவர் கேலியாகக் கேட்கவில்லை. கடைக்கு உண்மையில் தேவைப்பட்டது எண்பது லட்சம், அது போட்டாயிற்று. இனி இரண்டரைக் கோடி வந்தால் இரண்டாவது கடை போட வேண்டும், மூன்றாவது போட வேண்டும். அப்போது அவர் கல்லிலிருந்து எட்டடி அல்ல, எட்டு ரயில் நிலையம் தள்ளி இருப்பார்.

அந்தக் கணக்கிலிருந்துதான் சென்ற மாதத் திங்கட்கிழமையின் வேண்டுகோள் பிறந்திருக்கிறது. என்னிடம் நிரந்தரக் குடியுரிமம் இருக்கிறது. நான் அவருடைய பங்குகளை வாங்கி இயக்குநரானால், கம்பெனிக்கு மூன்று கோடி மூலதனம் தேவையில்லை, முழுநேர ஊழியர் நிபந்தனை இல்லை, திட்ட அறிக்கை இல்லை. அவர் மறுபடியும் கினோ விசாவுக்கு மாறி, தான் போட்ட கடையில் சம்பளத்துக்குச் சமையல்காரராகலாம். தோசைக்கல்லின் வெப்பம் பார்க்கத் தெரியாத நான் முதலாளியாக இருக்க ஒரு தடையும் இல்லை. மாவு, கல், கடை, வாடிக்கையாளர் எல்லாவற்றையும் உண்டாக்கியவர் அதை இழந்தால்தான் அதன் அருகில் நிற்க முடியும்.

அம்மையாரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் எப்போதும்போல் நிதானமாகச் சொன்னார். பங்குக்கு உரிய விலையை நான் உண்மையாகக் கொடுக்க வேண்டும். முடிவுகளை உண்மையாக நான் எடுக்க வேண்டும். மாஸ்டருக்கு ஒப்பந்தப்படி சம்பளம் போக வேண்டும், அது அதே வேலைக்கு ஜப்பானியர் பெறுவதற்குக் குறையக் கூடாது. பெயர் மட்டும் என்னுடையதாக இருந்து, கல்லாச் சாவி அவரிடம் இருந்தால், அது பெயரை வாடகைக்கு விடுவது. அதற்கு உடந்தையாக இருக்க மாட்டேன் என்றும் சொன்னார். தொலைபேசியை வைக்கும் முன், "அந்தச் சீட்டு நோட்டு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். ஆனால் அவருடைய சொற்கள் என்னை விடவில்லை. நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் பக்கத்தொழிலுக்கு அனுமதி கேட்க வேண்டும்; கேட்டால் கிடைக்கும். பணமும் திரட்டிவிடலாம். முடிவெடுப்பது மட்டும் எப்படி? எனக்கு இந்தத் தொழிலில் எதுவும் தெரியாது என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். பெயருக்கு முதலாளியாக இருந்தால் பொய். உண்மையாக முதலாளியாக இருந்தால், என்றாவது ஒருநாள் அவரிடம் நான் "இதைச் செய்யாதீர்கள்" என்று சொல்ல வேண்டி வரும். அவர் அதைப் பொறுத்துக்கொள்வார் என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

நேற்று மறுபடியும் போனேன். முடிவு எதுவும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கடை எப்படி நடக்கிறது என்பதை முதலிலிருந்து கற்றுக்கொடுத்தால் யோசிக்கிறேன் என்றேன். மாஸ்டர் தலையை ஆட்டினார். கல்லாவிலிருந்து சீட்டு நோட்டை எடுத்து, கடைசியில் எழுதாமல் இருந்த பக்கங்களைப் புரட்டி என் பக்கம் தள்ளினார்.

"முதல்ல உளுந்து எழுதுங்க தம்பி" என்றார். "யார்கிட்ட வாங்குறோம், மூட்டை என்ன விலை, போன வருசம் என்ன விலை. பழைய உளுந்து கலந்து குடுத்தா எப்படித் தெரியும்னு அப்புறம் சொல்றேன்."

பேனா கேட்டேன். காதில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தார்.